மாணவர் தரும் குருதி: நோயாளிகளின் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டியவை

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். இடையில் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வானிலையிலும் இப்பயணத்திற்கு இரண்டு மணி நேரமேனும் வேண்டும். தென்மேற்குப் பருவமழை வலுத்த நாளில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. குழந்தை பிறந்த பின் குருதிப்போக்கு நிற்காத தாய்க்கும், விபத்தில் அடிபட்ட தோட்டத் தொழிலாளிக்கும் அந்த மணி நேரம் மிக நீண்டது.

அத்தகைய வேளையில் குடும்பத்தார் மருத்துவரிடம் கூறுவது பெரும்பாலும் ஒன்றே: "என் இரத்தத்தை எடுத்து உடனே ஏற்றுங்கள், ஏன் தாமதம்?" அன்பினால் எழும் இக்கேள்விக்குப் பரபரப்பான அந்த நேரத்தில் விரிவான விடை கூற மருத்துவருக்கும் செவிலியருக்கும் அவகாசம் இருப்பதில்லை. ஆகவே அமைதியாகப் படிக்கும் நேரத்தில் இங்கே கூறுகிறோம். இன்றிரவு உங்கள் நோயாளிக்கு ஏற்றப்படும் குருதி, பெரும்பாலும் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ முன்பு, அவரை அறியாத ஒருவர் கொடுத்துச் சென்ற குருதியாகும். அந்த ஒருவர் ஏதேனும் ஒரு கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் மாணவராகவோ மாணவியாகவோ இருக்கக்கூடும்.

யார் இந்த மாணவர்கள்?

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அன்று அதில் இணைந்தவை 37 பல்கலைக்கழகங்கள். சேர்ந்த மாணவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். இன்று நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் நடைபெறுகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளிலும் அதன் அணிகள் இயங்குகின்றன. அணியில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாட்கள் ஓர் ஊரில் தங்கி முகாமிலும் பங்கேற்க வேண்டும். கல்லூரிகளில் இதனோடு இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் செஞ்சுருள் சங்கமும் உண்டு. எய்ட்ஸ் விழிப்புணர்வும் தன்னார்வக் குருதிக்கொடையும் செஞ்சுருள் சங்கத்தின் முதன்மைப் பணிகள்.

ஊர்த் தூய்மை, மரக்கன்று நடுதல், கண் பரிசோதனை முகாம், மாலை நேர வகுப்பு என இவ்வணிகள் செய்யும் பணிகள் பல. அவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை, நன்றி பெறுபவை. குருதிக்கொடை மட்டும் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாமலே முடிந்துவிடுகிறது. நோயாளிகளின் நோக்கில் இவற்றுள் அதுவே மிகவும் இன்றியமையாதது என்பது எம் கருத்து.

உறவினரின் குருதியை ஏன் உடனே ஏற்றுவதில்லை?

ஒருவரிடமிருந்து பெறப்பட்ட குருதி, பெறப்பட்டவாறே இன்னொருவர் உடலுக்குள் செல்வதில்லை. ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய், மலேரியா ஆகிய ஐந்திற்கும் சோதிக்கப்பட வேண்டும். இது சட்டம். சோதனைகள் முடிய மணிக்கணக்கில் ஆகும். சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்படும் குருதி, அதன் பின்னரே பயன்பாட்டிற்கு விடுவிக்கப்படும். எனவே உங்கள் தம்பி இரவு பத்து மணிக்குக் குருதி கொடுத்தாலும் அது அந்த இரவில் உங்கள் தாயாருக்குப் பயன்படுவது அரிது. இரத்த மையத்தின் குளிர்பதனப் பெட்டியில் ஏற்கெனவே சோதித்து வைக்கப்பட்டிருக்கும் பையே அவருக்கு உதவும்.

மற்றொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய உறவினரின் குருதியே மிகப் பாதுகாப்பானது என்று நம் மக்கள் நம்புகின்றனர். மருத்துவ அறிவியல் இதற்கு மாறானதைக் கூறுகிறது. உறவினர் குருதியிலுள்ள வெள்ளணுக்கள், பெறுபவரின் உடலால் அயலாக அடையாளம் காணப்படாமல் உள்ளே தங்கி, அவ்வுடலையே தாக்கும் வாய்ப்பு உண்டு. இது மிக அரிதாக நேர்வது. ஆயினும் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே நெருங்கிய உறவினரின் குருதியைத் தவிர்க்க முடியாத நிலையில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றுகின்றனர். அவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. அறிமுகமற்றவர் குருதியைப் பற்றி அஞ்சும் குடும்பத்தார் இதனை அறிந்தால் ஓரளவு மனம் தெளிவர்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. நோய்த்தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் அது சோதனையில் புலப்படாமல் மறைந்திருக்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் நமக்குக் காவலாக இருப்பது கொடையாளர் படிவத்தில் எழுதும் உண்மையான விடைகள் மட்டுமே. மருத்துவமனை வராந்தாவில் உறவினர் பத்துப் பேர் சூழ நிற்க, "நீயாவது கொடு" என்று வற்புறுத்தப்படும் ஒருவர், தமக்குள்ள நோயையோ பழக்கத்தையோ வெளியே சொல்ல நாணுவார். வற்புறுத்தல் இல்லாமல் தாமே வந்து கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய தேவை குறைவு. தன்னார்வக் கொடையே பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் வலியுறுத்துவதற்கு இதுவே அடிப்படை.

இதே அளவுகோலை மாணவர் முகாம்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். குருதி கொடுத்தால் வருகைப்பதிவு உண்டு, சான்றிதழ் உண்டு, கொடுக்காவிட்டால் நண்பர்கள் கேலி செய்வர் என்ற சூழலில் பெறப்படும் கொடை முழுமையான தன்னார்வக் கொடை ஆகாது. நன்கு நடத்தப்படும் முகாமில் மருத்துவ அலுவலர் ஒவ்வொரு மாணவரிடமும் தனியே பேசுவார். "இன்று வேண்டாம்" என்று கூறும் மாணவர் காரணம் சொல்லத் தேவையின்றி வெளியேறலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை முகாமிலிருந்து கொடுக்காமல் திரும்பினால் ஏன் என்று துருவிக் கேளாதீர்கள்.

விலைக்கு வாங்க வேண்டாம்

ஒரு காலத்தில் இந்நாட்டில் குருதியை விற்றுப் பிழைத்தவர்கள் பெருந்தொகையினர் இருந்தனர். வறுமையாலும் போதைப் பழக்கத்தாலும் மாதம் பலமுறை கொடுத்து உடல் நலிந்தவர்கள் அவர்கள். அவர்களது குருதியின் வழியே தொற்றுகளும் பரவின. 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் பணத்திற்குக் குருதி கொடுப்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களுள் கல்லூரி மாணவர்களின் பங்கு பெரிது.

ஆகவே மருத்துவமனை வாயிலில் ஒருவர் அணுகி, "பணம் கொடுங்கள், ஆள் ஏற்பாடு செய்கிறேன்" என்றால் ஏற்காதீர்கள். உடனே எங்கள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். குருதிக்கு விலை இல்லை. இரத்த மையங்கள் பெறுவது சோதனைக்கும் பதப்படுத்துவதற்குமான கட்டணம் மட்டுமே. அதற்கும் அரசு உச்சவரம்பு வகுத்துள்ளது. தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய நோய்களால் அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்வோருக்கு அக்கட்டணமும் தள்ளுபடி. பழங்குடி மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் அரிவாள் அணுச் சோகையை ஒழிக்க 2023 ஜூலை 1ஆம் நாள் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டுள்ளது. காடர், முதுவர், மலசர், புலையர் முதலிய குடியினர் வாழும் ஆனைமலைப் பகுதியில் இச்சலுகையைப் பலரும் அறிந்திருப்பது நல்லது.

திருப்பி அனுப்பப்படும் மாணவியர்

குருதி கொடுப்பவர் 18 வயது நிறைந்தவராக, 45 கிலோவுக்குக் குறையாத எடையுடையவராக இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12.5 கிராமேனும் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் வரக்கூடாது. அண்மையில் பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

எந்த முகாமிலும் மிகுதியாகத் தடையாவது அந்த 12.5 என்னும் எண்ணே. 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றவர்கள். கொடுக்கும் விருப்பத்தோடு வரிசையில் நின்ற மாணவி, விரல் நுனியில் ஒரு துளி எடுத்த பின் "உங்களால் கொடுக்க இயலாது" என்று கேட்டு வருந்தித் திரும்புகிறாள். வருந்த வேண்டியதில்லை. காரணம் தெரியாமல் படியேறும்போது மூச்சு வாங்கியதற்கும், வகுப்பில் கண் சொருகியதற்கும் அவளுக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்திருக்கும். அங்கேயே விட்டுவிடாமல் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிச் சிகிச்சை பெறச் செய்யும் அணியே பொறுப்பான அணி. கொடை பெற்ற பைகளின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுகிறார்கள். சோகை கண்டறியப்பட்டோர் எண்ணிக்கையையும் எழுதினால் நன்று.

தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்கு இவ்விடத்தில் ஒரு சொல். உணவோடு சேர்த்தோ உணவு முடிந்த உடனேயோ தேநீர் அருந்தினால், அதிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் விழுங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்கனியோ சேர்த்தால் அது நன்கு உடலில் சேரும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்போருக்குக் கொக்கிப் புழுத் தொற்று ஏற்பட்டு, அதனாலும் குருதி குறையும். மருத்துவரின் அறிவுரைப்படி குடற்புழு நீக்க மாத்திரை உட்கொள்ளுங்கள். காலணி அணிவதும் ஒரு மருந்தே.

நலமாக உள்ளவர் கொடுப்பதால் உடல் நலிவதில்லை. உடலிலுள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டரில் எடுக்கப்படுவது 350 மில்லிலிட்டர். உடல் எடை 55 கிலோவுக்கு மேலிருந்தால் 450 வரை எடுக்கலாம். நீர்ப்பகுதி ஓரிரு நாட்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் ஊறிவிடும். அன்று மட்டும் கொழுந்து மூட்டை போன்ற பெருஞ்சுமை தூக்க வேண்டாம். மலைப்பாதையில் இருசக்கர வாகனம் ஓட்டவும் வேண்டாம்.

ஒரே நாளில் நூறு பை

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாள். 1975 முதல் கொண்டாடப்படுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு நாட்டு நலப்பணித் திட்ட நாள். மறுநாள் காந்தி பிறந்தநாள். இக்காரணங்களால் கல்லூரி முகாம்கள் பலவும் இவ்வொரு வாரத்தில் குவிகின்றன. சிவப்பணுவின் ஆயுளோ, அதனோடு சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 நாள் அல்லது 42 நாள். அக்டோபர் 1ஆம் நாள் பெற்ற பை நவம்பர் 12ஆம் நாளுக்குள் பயன்படாவிட்டால் வீணாகும். தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள். பிளாஸ்மாவை மட்டுமே உறைநிலையில் ஓராண்டு வரை காக்கலாம்.

மறுபுறம், ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் விடுமுறையும் வருகின்றன, மாணவர்கள் ஊர் திரும்புகின்றனர், முகாம்கள் நின்றுபோகின்றன. கோடை விடுமுறையில் வால்பாறைக்குச் சுற்றுலா வாகனங்கள் பெருகுவதும் அப்போதுதான். அதைத் தொடர்ந்து மலையில் பெருமழை. தேவை குறையாத காலத்தில் வரத்து குறைகிறது. ஒரே நாளில் நூறு மாணவர் கொடுப்பதைவிட, அந்நூற்றுவரையும் நான்கு குழுவாகப் பிரித்து மூன்று மாதத்திற்கு ஒரு குழுவாகக் கொடுக்கச் செய்யும் கல்லூரி நோயாளிகளுக்கு அதிகம் உதவுகிறது. நாளிதழில் படம் சிறிதாக வரும், அவ்வளவே இழப்பு.

அரிய பிரிவினருக்கு அணிகளின் தொலைபேசிப் பட்டியலே துணை. நம் நாட்டில் நெகடிவ் பிரிவினர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவினர்; 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டே குழுவினரால் கண்டறியப்பட்ட 'பம்பாய்' பிரிவினர் அதனினும் மிக அரியர். முகாமில் தம் பிரிவை அறிந்துகொண்ட நெகடிவ் மாணவர் அன்றே கொடுக்காமல், அழைக்கும்போது வருவதற்கெனப் பெயர் பதிவதும் சிறந்த தொண்டு.

தேவை ஏற்பட்டால் செய்ய வேண்டியவை

முதலில் மருத்துவர் கையொப்பமிட்ட தேவைப் படிவத்தையும் நோயாளியின் குருதி மாதிரியையும் பெற்றுக்கொள்ளுங்கள். மாதிரிக் குழாயிலுள்ள பெயர், வயது, உள்நோயாளி எண் ஆகியன படிவத்தோடு ஒத்துள்ளனவா எனப் பாருங்கள். பெயர் மாறியதால் நேரும் தவறே குருதி ஏற்றுவதில் மிகக் கொடியது. ஒரே பெயருடைய இருவர் ஒரே வார்டில் இருப்பது நம் ஊரில் புதிதன்று. இரத்த மையத்தில் பொருத்தம் பார்க்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எந்த மையத்தில் எப்பிரிவு இருப்பில் உள்ளது என்பதை அரசின் இ-ரக்தகோஷ் இணையதளத்தில் காணலாம். ஆயினும் புறப்படும் முன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். மலையிறங்கிய பின் இல்லை என்று அறிவது பெருந்துன்பம்.

மாணவர் அணிகளை நாடும்போது செய்தியில் தேவைப்படும் பிரிவு, எத்தனை பை, எந்த மையத்தில் கொடுக்க வேண்டும், தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றோடு நாளையும் நேரத்தையும் தவறாமல் எழுதுங்கள். நாள் குறிக்காத செய்தி வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றுகிறது. நோயாளி குணமடைந்து வீடு திரும்பிய பின்னும் அழைப்புகள் வருகின்றன. அதனால் சலிப்புற்ற மாணவர்கள் உண்மையான அழைப்பையும் புறக்கணிக்க நேர்கிறது. தேவை நிறைவேறியதும் "கிடைத்துவிட்டது" என்று மீண்டும் ஒரு செய்தி அனுப்புங்கள். நோயாளியின் படத்தையும் நோயின் பெயரையும் பகிர வேண்டாம். காய்ச்சலில் தட்டணு குறைந்தவுடனே கொடையாளரைத் தேடி அலையவும் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் கொண்டு தட்டணு ஏற்றுவதில்லை. குருதிக்கசிவு உண்டா என்பதையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.

குருதிப் பையைக் கொண்டுவரும் பொறுப்பு உங்களிடம் வந்தால், இரத்த மையம் தரும் குளிர்ப்பெட்டியிலேயே கொண்டுவாருங்கள். வழியில் திறந்து பார்க்காதீர்கள். பனிக்கட்டி மீது பையை நேரே வைத்தால் சிவப்பணுக்கள் உறைந்து சிதையும். வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதும் அவ்வாறே கேடு. குளிரிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கடந்த பையை மீண்டும் சேமிப்பில் வைக்க இயலாது. ஏற்றத் தொடங்கினால் நான்கு மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அருகிலிருப்பவர் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது.

கொடுத்தவர் யார் என்று பலர் வினவுகின்றனர். நேரில் கண்டு நன்றி கூற விரும்புகின்றனர். கொடையாளரின் பெயர் மறைவாகவே காக்கப்படும். கைம்மாறு செய்ய விரும்பும் குடும்பத்தில் 18 வயது நிறைந்தோர், நோயாளி வீடு திரும்பி மனம் அமைதியுற்ற பின் அருகிலுள்ள முகாமிற்குச் செல்லலாம். கல்லூரிகளில் நடைபெறும் முகாம்களுக்கு வெளியார் வரலாமா என்பதை அவ்வணியின் பொறுப்பாசிரியரிடம் கேட்டறிக. குருதி ஏற்றிக்கொண்ட நோயாளி மட்டும் ஓராண்டு வரை கொடுக்க இயலாது. அதன் பின்னும், எந்நோய்க்காகக் குருதி ஏற்றப்பட்டது என்பதைக் கூறி மருத்துவரின் இசைவைப் பெற்ற பிறகே அவர் கொடுக்கலாம்.